தண்ணி இன்னா கலரு?

மழை பிடித்தால் திருவொற்றியூரில் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். மண்ணு மேடம் மட்டும் வெளியே வருவார். ஸ்கூட்டர், முழங்கால் வரை மடித்துவிட்ட பேன்ட், தலையில் ஹெல்மெட், அந்த ஹெல்மெட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கவர். ஹெல்மெட் நனையக்கூடாதாம். ஆள் நனைந்தால் பரவாயில்லையாம்.

வார்டு ஆபீஸில் அவர் இன்ஜினியர். கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து மண் தெருவுக்குப் போகாமல், தெருவிலிருந்து மழைநீர்க் கால்வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலையில் ஒரு பங்கு. மற்ற பங்குகளும் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்து இந்த ஒன்றைத்தான் அவர் முழு மனசோடு செய்தார். முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'மண்ணு மேடம்'. இது அவருக்கும் தெரியும். ஒருநாள் புது நம்பரிலிருந்து போன் வந்தது. யாருங்க என்று கேட்டேன். "மண்ணு மேடம்தான், வேற யாரு" என்றார். அன்றைக்கு எனக்கு வியர்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் சின்ன பில்டர். மூன்று மாடி, மிஞ்சினால் நாலு. அதற்கு மேலே போனால் எனக்கும் தலை சுற்றும், பேங்க்குக்கும் தலை சுற்றும். இந்தப் பக்கம் மனை எல்லாம் தாழ்வான இடம். சவுடு மண்ணை லாரி லாரியாகக் கொட்டி, ஆள் உயரத்துக்கு மேடாக்கி, அதற்கு அப்புறம்தான் கடைக்கால் தோண்டவே முடியும். கொட்டுவது வரைக்கும் மண் நம் பேச்சைக் கேட்கும். மழை வந்த பிறகு மேடம் பேச்சைத்தான் கேட்கும்.

அவரை முதன்முதலில் பார்த்தது ஒரு சந்தின் முனையில். சந்தின் மேட்டுப் பக்கத்தில் என் சைட். வேலை ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஸ்கூட்டரை மெதுவாக உருட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே வந்து என் கேட்டில் முட்டாத குறையாக நின்றார்.

"ஹை ரோட்லருந்து இத்த ஃபாலோ பண்ணிக்கினே வரேன்" என்று டயர் தடத்தைக் காட்டினார். "நேரா உங்க வூட்டாண்ட வந்து நிக்குது. உங்க மண்ணுதானே இது?"

"மண்ணுதானே மேடம்" என்றேன்.

"சோத்துத் தட்டுல வுயுந்தா மண்ணுதானேன்னு துன்னுவீங்களா?"

அன்றைக்குக் கொடுத்த நோட்டீஸை நான் இரண்டு தடவை படித்தேன். 'அகழப்பட்ட மண்ணானது அடுத்துள்ள பொதுப்பாதையில் பரவா வண்ணம்' என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் போனது. ஒரு மண்ணும் புரியவில்லை. அவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டார்.

"குவிச்சா தார்ப்பாய் போட்டு மூடணும். கேட்டாண்ட ஜல்லி கொட்டணும், டயருல ஒட்டினது அங்கியே உதுரும். மிச்சத்தக் கழுவிட்டுதான் வண்டி வெளிய போவணும். கழுவுன தண்ணி உள்ளயே ஒரு குழியில நிக்கணும். தெருவுல விழுந்தா பெருக்கி அள்ளணும், தண்ணி ஊத்தித் தள்ளிவுடக் கூடாது. மழை சீசன்ல தேவைக்கு மேல நோண்டக் கூடாது. அவ்ளோதான்."

அவ்வளவையும் இப்படியே அச்சடித்துக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் கேட்டிருப்பார்கள் என்றேன். "அப்பால எனக்கு இன்னா வேலை கீது?" என்றார்.

அவர் பேச்சில் ஒரு விஷயத்தைப் பிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. மண்ணை அவர் ஒருநாளும் வெறும் மண் என்று சொன்னதில்லை. அதற்கு எப்போதும் ஒரு சொந்தக்காரர் இருப்பார். உன் மண்ணு, செட்டியார் மண்ணு, பள்ளிக்கூடத்து மண்ணு. வீட்டை விட்டு வெளியே போன பிள்ளையைப் பெற்றவர்களிடம் புகார் சொல்கிற தோரணை. "உன் மண்ணு நேத்து சாயங்காலம் டீக்கடையாண்ட படுத்துக்கினு இருந்தது" என்பார். நானும் வெட்கப்பட்டு ஆள் அனுப்பி அள்ளிவரச் சொல்வேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். நல்ல மூடில் இருந்தால் 'உன் மண்ணு'. கோபம் வந்தால் 'உங்க மண்ணு'. அவர் மரியாதை கூடக் கூட நான் மண்வெட்டியைத் தேடுவேன்.

டீக்கடை என்றதும் அந்த டம்ளர் ஞாபகம் வருகிறது. தூறல் நின்ற ஒரு காலை. நான் டீ வாங்கி பெஞ்சில் வைத்திருந்தேன். மேடம் வந்தார். கடைக்காரர் கழுவி வைத்திருந்த கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், என் கேட்டிலிருந்து கால்வாய்க்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை முகந்து வந்து என் டீ பக்கத்தில் வைத்தார்.

"எது உன் டீ, சொல்லு."

நிஜமாகவே கொஞ்சம் யோசிக்கவேண்டி இருந்தது. ஆவி பறந்ததால் தப்பித்தேன். கடைக்காரருக்குத்தான் தாங்கவில்லை. "மேடம், அந்த டம்ளரை இனிமே நான் யாருக்குக் குடுப்பேன்?" என்றார். மேடம் அதைத் துடைத்து ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அது அரசாங்க டம்ளர். எங்கே போனாலும் முதலில் டம்ளர் வெளியே வரும். தண்ணீரைப் பிடிப்பார், வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், ஒரு பக்கமாக உதட்டைச் சுழிப்பார்.

வர முடியாத நாளில் போன். ஹலோ கிடையாது, எப்படி இருக்கிறீர்கள் கிடையாது. மழை ஆரம்பித்ததும் மணி அடிக்கும். எடுத்தால், "தண்ணி இன்னா கலரு?"

"டீ கலரு மேடம்."

"பாலு ஜாஸ்தியா, கம்மியா?"

நான் கால்வாய் ஓரமாகக் குந்திப் பார்த்துச் சொல்லவேண்டும். ஒருமுறை ராயபுரத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கையில் வஞ்சிரம், காதில் போன். "தெளிவா கீது மேடம்" என்று சொல்லிவிட்டேன். "அப்டிங்களா? நான் உங்க கேட்டாண்டதாங்க நிக்கறேன்" என்றார். மூன்று மரியாதை ஒரே மூச்சில். மீனை அப்படியே கடையில் வைத்துவிட்டு வந்தேன்.

எண்ணூர் ரோட்டில் ஒருநாள் டிப்பர் லாரி ஒன்றை மடக்கி நிறுத்தியிருந்தார். குறுக்கே அவருடைய ஸ்கூட்டர், பக்கத்தில் இவர், எதிரே அவ்வளவு பெரிய வண்டி. லாரியில் மண் கோபுரமாக இருந்தது, மேலே தார்ப்பாய் இல்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "எல்லா லாரியும் இப்டிதானே மேடம் போய்கினு கீது, என்ன மட்டும் புடிக்கிறியே" என்றான்.

"எல்லா லாரிக்கும் நான் ஒருத்திதான் கீறேன் நைனா. இன்னிக்கி உன் டர்ன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தார்ப்பாயை எடுத்து ஒரு முனையைக் கட்டினான். மறுமுனைக் கயிற்றை இழுத்துக் கட்டியது மேடம். அவரிடம் திட்டு வாங்கியவர்கள் யாரும் அவரை வெறுக்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குறையைச் சொல்லிவிட்டுப் போகமாட்டார், கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பார்.

மண் மேல் ஏன் இவ்வளவு பாசம் என்று கேட்டுப் பார்த்தேன். "மண்ணு மேல இன்னா பாசம்? அது உன்து. எனக்குக் கால்வாதான் சொந்தம்" என்றார். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

பாய் வீட்டுக் கல்யாணத்தை இனிமேல் சொல்லாமல் தள்ளிப்போட முடியாது.

பாய் அந்தச் சந்தின் பள்ளமான கடைசியில் இருந்தார். ஷாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை. சந்தில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் அவர் பந்தல்தான். கோயில் திருவிழாவுக்கு அவர் பந்தல், மாதா சுரூபம் வைக்கிற மேடைக்கு அவர் துணி. தன் மூத்த மகளின் நிக்காஹும் அதே சந்தில், தன் வாசலில், தன் பந்தலில்தான் நடக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மாப்பிள்ளை வீடு மண்ணடி. மாப்பிள்ளையின் பெரியப்பாவை எல்லோரும் பெரியத்தா என்பார்கள். பழைய வியாபாரி, வார்த்தையைத் தராசில் வைத்துப் பேசுகிறவர். "மழைக் காலம் பாய். ஹால் பாருங்க" என்று சொல்லியிருந்தார். பாய், "என் பந்தல்ல ஒரு சொட்டு ஒழுவாது, என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மேலேயிருந்து ஒழுகாததற்கு அவர் பொறுப்பேற்கலாம். கீழே ஓடி வருவதற்கு? பந்தலுக்கு ஒட்டினாற்போல்தான் சந்தின் தண்ணீர் எல்லாம் கால்வாயில் இறங்குகிற ஓட்டை. அது அடைத்துக்கொண்டால் கல்யாணம் முழங்கால் தண்ணீரில். அதை அடைக்கக் கூடிய மண் மொத்தமும் மேட்டில் என் சைட்டில் இருந்தது. அந்த வாரம்தான் கடைசி லோடு வரை கொட்டி நிரப்பியிருந்தேன், ரோலர் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை சுற்றிலும் மண் மூட்டை அடுக்குவதாக மேடத்திடம் சொல்லியிருந்தேன். நிக்காஹ் ஞாயிறு.

ஞாயிறு விடிந்ததும் கடல் பக்கமிருந்து மழை வந்து கொட்டியது. நான் சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேடம் எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே செங்குழம்பு ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"வாங்க" என்றார். "உங்க மண்ணு கல்யாணத்துக்குப் போவ கெளம்பிடுச்சுங்க."

வேலையாட்கள் சனிக்கிழமையே ஊருக்குப் போயிருந்தார்கள். மூட்டை இல்லை. பாய் குடையில்லாமல் ஓடி வந்தார். தலையில் தொப்பி, புதுச் சட்டை, முகத்தில் ரத்தமே இல்லை. "மேடம், வாக்குக் குடுத்துட்டேன் மேடம்" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சாக்கு வேணும் பாய். அப்பால துணி. நீளமா, ஒரே துண்டா."

பிரியாணிக்குப் பிரித்த அரிசிச் சாக்குகளைப் பண்டாரி, அதாவது பாய் வைத்திருந்த சமையல்காரர், ஆட்களோடு தூக்கிக்கொண்டு வந்தார். துணிதான் பிரச்சினை. கடையில் இருந்ததெல்லாம் பந்தலின் கூரைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது பக்கத் திரை மட்டும். மகள் கல்யாணத்துக்கென்றே புதிதாகத் தைத்தது, சிவப்பும் மஞ்சளுமாகச் சரிகைக் கரை போட்டது. யாருக்கும் வாடகைக்குக்கூடக் கொடுக்காதது. பாய் அதை ஒரு கணம் தடவிப் பார்த்தார்.

"துணிய தொவைச்சா வந்துடும். கல்யாணம் வராது. எடுத்துக்கோங்கம்மா."

மேடம் டம்ளரை எடுத்தார். வாய்ப்பக்கம் அந்தத் துணியை இழுத்துப் பிடித்து, அதன் மேல் சேற்றுத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். சேறு துணிமேல் நின்றது, டம்ளரில் ஏறக்குறைய நல்ல தண்ணீர் சொட்டியது. "பாத்தியா பில்டரே, உன்து மேல, என்து கீழ" என்றார். 'உன்து' என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

தளத்துக்கு முட்டுக் கொடுக்க வாங்கிப் போட்டிருந்த சவுக்குக் கட்டைகளை வரிசையாக ஊன்றித் துணியைக் கட்டினோம். சந்தே இறங்கி வேலை செய்தது. மீன் வண்டிக்காரர் மண்வெட்டி பிடித்தார். சர்ச்சுக்குக் கிளம்பிய குடும்பம் ஒன்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கு நிரப்பியது. பண்டாரி பிரியாணி சட்டுவத்தாலேயே மண் அள்ளினார். அதை மறுபடி அண்டாவில் விடக்கூடாது என்று பாய் சத்தம் போட்டுப் பிடுங்கிக்கொண்டார். மேடம் ஒவ்வொரு கட்டையாகக் குனிந்து பார்த்தார். "துணி அடிய மண்ணுக்குள்ள பொதைச்சி மேல மூட்டைய வைய். இல்லாங்காட்டி உன் மண்ணு குனிஞ்சி அடியில பூந்து போயிடும்."

மழை நிற்கவில்லை, ஆனால் குழம்பு நின்றுவிட்டது. துணிக்கு வெளியே தண்ணீர் மட்டும் கசிந்து சந்தில் இறங்கி, பந்தல் ஓரமாகக் கால்வாய்க்குள் போனது. பந்தலில் நாற்காலிக் கால்கூட நனையவில்லை. பாய் கைகளை விரித்து மேலே பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டார். எல்லோரும் கால் கழுவிக் கல்யாணத்துக்கு உடை மாற்றப் போனோம்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மண்ணடியிலிருந்து வருகிறவர்கள் சந்து முனையில் முதலில் எதைப் பார்ப்பார்கள்? சிவப்பு மஞ்சள் சரிகைத் திரை கட்டிய பெரிய இடம், திறந்திருக்கிற கேட், உள்ளே போக அழகாகப் பரப்பிய ஜல்லிப் பாதை. கல்யாணம் அங்கே இல்லை என்று யார்தான் நினைப்பார்கள்? மாப்பிள்ளையின் பூ ஜோடித்த கார் ஜம்மென்று திரும்பி என் சைட்டுக்குள் நுழைந்தது. பின்னாலேயே பெரியத்தாவின் கார். ஜல்லி முடிந்த இடத்தில் இரண்டும் மண்ணில் அழுந்தின. மாப்பிள்ளை கதவைத் திறந்து காலை வைத்தான். புது ஷூ மறைந்தது.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். ஒருவழியாக டிரைவர்கள் பின்னால் எடுத்து, கேட் வரைக்கும் வந்துவிட்டார்கள். டயர் எல்லாம் அதிரசம் தட்டிய மாதிரி. அப்போது மேடம் கேட்டுக்குக் குறுக்கே வந்து கையைக் காட்டினார்.

"நில்லுங்க."

பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி வண்டியை நடு மழையில் ஒருவர் மறிக்கிறார், அதுவும் நோட்டீஸ் கொடுக்கிறவர். பெரியத்தா கண்ணாடியை இறக்கினார். முகம் இறுகி இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கேட்டைத் தாண்டற வண்டி எதுவா இருந்தாலும் கழுவிட்டுதான் போவணும்" என்றார் மேடம். சொல்லிக்கொண்டே ஓஸ் பைப்பை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை கார் டயர் பக்கத்தில் குந்திவிட்டார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அடுத்த டயருக்குப் போனேன். பாயின் தம்பி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாப்பிள்ளையின் காலில் ஊற்றினார். பண்டாரி ஷூவை வாங்கிக் கழுவினார்.

பெரியத்தா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் கண்ணுக்கு நாங்கள் எல்லோருமே பெண் வீட்டு ஆட்கள், மழையில் நனைந்தபடி குந்தி டயர் கழுவுகிறோம். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"இது இன்னா பாய், உங்க பக்கத்து வழக்கமா?"

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பொய் சொல்லியும் பழக்கமில்லை, நிஜத்தைச் சொன்னாலும் மானம் போகும். மேடம் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"ஆமாங்க. எங்க ஏரியா வழக்கம். எவ்ளோ பெரிய மனுசங்க வந்தாலும் டயரக் கழுவாம அனுப்ப மாட்டோம்."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஏரியாவில் இருக்கிற எல்லா லாரி டிரைவரும் சாட்சி.

பெரியத்தா கீழே இறங்கினார். பின்னால் வந்த வேனைப் பார்த்து, "யாரும் அவசரப்படாதீங்க. இவங்க மரியாதை பண்றாங்க, செய்ய வுடுங்க" என்றார். தன் செருப்பையும் கழற்றி நீட்டினார். பந்தலுக்குப் போகும் வழியெல்லாம் பாயின் கையை விடவில்லை. "ஹால்ல வெச்சிருந்தா இந்த மரியாதை எங்க கெடைச்சிருக்கும்" என்று அவர் சொன்னதைக் கேட்டதும் பாய் அழுதுவிட்டார். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. மேடம் நிக்காஹ் முடியும் வரை துணிப் பக்கமே நின்றார். பிரியாணியை அங்கேயே தட்டில் வாங்கி, ஒரு கண் திரைமேல் வைத்தபடி சாப்பிட்டார்.

சில வருடங்களில் அவருக்கு மாற்றல் வந்து தெற்கே எங்கேயோ போய்விட்டார். மழைக்குப் போன் அடிக்காதது முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் மழை பெய்தால் நானாகவே கால்வாயை எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

போன மே மாதம் மீன் வண்டிக்காரரின் மகளுக்குக் கல்யாணம், அதே சந்தில். பாய் பந்தல்தான். வானத்தில் ஒரு மேகம் இல்லை. என் கட்டடம் எழும்பிக் குடித்தனம் வந்தாயிற்று, சந்துக்கு சிமென்ட் ரோடும் போட்டாயிற்று, தேடினாலும் மண் கிடைக்காது. ஆனால் சந்து முனையில் ஒரு டிரம், ஒரு ஓஸ் பைப். பட்டு வேட்டி கட்டிய இரண்டு பேர் மாப்பிள்ளை காரை நிறுத்திப் பயபக்தியோடு டயர் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாப்பா இது?" என்று கேட்டேன்.

"நம்ம தெரு வழக்கம் மாமு. மாப்ள வண்டி டயரு கழுவாம உள்ள வரக்கூடாது. ஆதி காலத்துலருந்து அப்டித்தான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓரமாகப் போய் மேடத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன்.

"கழுவுற தண்ணி எங்க போவுது?"

பார்த்தேன். "கால்வாய்க்குதான் மேடம்."

"இன்னா கலரு?"

பட்டுச் சட்டையோடு கால்வாய் ஓரமாகக் குந்தினேன். கார் முழுக்க ரோஜா. கழுவின தண்ணீரோடு இதழ்கள் மிதந்துகொண்டு வந்து ஓட்டை வாயில் சுழன்றன.

"ரோஜா கலரு மேடம்."

அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு தூரத்திலிருந்தும் நன்றாகக் கேட்டது.

"தண்ணிய வுடு, போவட்டும்" என்றார். "உன் பூவ மட்டும் அள்ளிடு."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, என் பூவை அள்ள ஆரம்பித்தேன்.